சிறுநீரில் டிராமடால்: ஒரே எடையுள்ள இரண்டு மருந்துகளைப் பிரிப்பது எப்படி?

நாஞ்சில் மேசை · திங்கள், இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் ஒரு சிறிய பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். போதை மீட்பு மையம் ஒன்றிலிருந்து வாரத்துக்குப் பத்துப் பதினைந்து சிறுநீர் மாதிரிகள் வரும். ஸ்ட்ரிப்பில் (சிறுநீரில் தோய்க்கும் பரிசோதனைப் பட்டையில்) பார்த்துச் சொல்வோம். சந்தேகம் வந்தால் வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்புவோம்.

போன மாதம் நடந்த ஒன்று மனத்தை விட்டுப் போகவில்லை. பல மாதங்களாக மாத்திரையைத் தொடாமல் இருக்கும் ஓர் இளைஞனின் மாதிரிக்கு வெளியூரிலிருந்து "டிராமடால் பாசிட்டிவ்" என்று தாள் வந்தது. டிராமடால் என்பது போதைக்கும் பயன்படுத்தப்படும் ஒரு வலிநிவாரணி மாத்திரை. அவன் அம்மா அந்தத் தாளை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். எங்கள் மேசையில் விரித்து வைத்துவிட்டு, "இது உண்மையா மகளே?" என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பிறகுதான் அவனுடைய மருந்துச் சீட்டைப் பார்த்தேன். மனச்சோர்வுக்காக வென்லாஃபாக்சின் சாப்பிடுகிறான். அந்த மருந்து கல்லீரலில் ஒரு மெத்தில் தொகுதியை இழந்து டெஸ்வென்லாஃபாக்சினாக மாறிச் சிறுநீரில் நிறையவே வெளியேறும். இதற்கும் டிராமடாலுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றேதான்: 16 கார்பன், 25 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 2 ஆக்சிஜன். எடை 263. எல்சி-எம்எஸ் (திரவத்தில் பிரித்து மூலக்கூறின் எடை பார்க்கும் கருவி) ஒரு ஹைட்ரஜன் அயனியைச் சேர்த்துப் பார்ப்பதால் இரண்டுமே 264 என்று தெரியும், உடைத்தால் இரண்டிலிருந்தும் 58 எடையுள்ள துண்டு வரும். எடையை மட்டும் பார்க்கும் கருவிக்கு இரண்டும் ஒரே ஆள்.

அந்த மாதிரியின் இரண்டாவது பாட்டில் எங்கள் ஃப்ரீசரில் பத்திரமாக இருக்கிறது. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஜிசி-எம்எஸ் (ஆவியாக்கிப் பிரித்து எடை பார்க்கும் கருவி) பயன்படுத்த அனுமதி வாங்கியிருக்கிறேன். கருவிக்குள் செலுத்துவதற்கு முன்பே டிராமடாலை மட்டும் தேர்ந்து வெளியே எடுக்க வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருவட்டாறு · திங்கள், இரவு 10.25

நான் பெங்களூரில் ஒரு பெரிய ஆய்வகத்தில் எல்சி-எம்எஸ் பிரிவில் இருக்கிறேன். என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: இதற்குப் பிரித்தெடுப்பு தேவையில்லை. சிறுநீரைப் பத்து மடங்கு நீர்த்து, வடிகட்டி, நேராகச் செலுத்தினால் போதும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மாதிரிகளை இப்படித்தான் பார்க்கிறோம்.

அந்த ஆய்வகம் செய்த பிழை பிரித்தெடுக்காமல் விட்டது அல்ல. ஓட்டத்தை இரண்டு மூன்று நிமிடங்களில் முடிக்கும் அவசரத்தில் வரைபடத்தில் இரண்டு மருந்துகளின் பீக்கையும் (முகட்டையும்) ஒன்றன்மேல் ஒன்று விழ விட்டதுதான். சி-18 பிரிப்புக் குழாயில் ஓட்டத்தைக் கொஞ்சம் நீட்டினால் டெஸ்வென்லாஃபாக்சின் முன்னால் வந்துவிடும், டிராமடால் பின்னால் வரும். 58-ஐ மட்டும் பார்க்காமல் 107-ஐயும் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். ஹைட்ராக்சி பென்சைல் துண்டான 107 டெஸ்வென்லாஃபாக்சினிலிருந்து வரும், டிராமடாலிலிருந்து வராது.

நாஞ்சில் மேசை · திங்கள், இரவு 10.50

107 பற்றிச் சொன்னதற்கு மிக்க நன்றி அண்ணா. வெளியூர் ஆய்வகத்துக்கு எழுதும்போது அதைக் குறிப்பிடுகிறேன். ஆனால் என் கைக்கு எட்டுவது ஜிசி-எம்எஸ் மட்டும்தான். நீர்த்த சிறுநீரை அதற்குள் செலுத்த முடியாது. யூரியாவும் உப்பும் ஊசிமுனையிலேயே கரிந்து படிந்துவிடும். அதோடு, அந்தக் கருவியில் மூலக்கூறை உடைக்கும் எலக்ட்ரான் தாக்கத்தில் டிராமடாலின் பெரிய துண்டு 58-தான். மெத்தாம்ஃபெட்டமின், சளி மாத்திரையில் வரும் சூடோஎஃபெட்ரின், வென்லாஃபாக்சின் எல்லாமே அதே 58-ஐத் தருகின்றன. டிராமடாலுக்குரிய 263 இருக்கிறது என்று சொல்லலாமே தவிர, கண்ணுக்குத் தெரிவதே கடினம். ஆகவே கருவிக்குப் போகும் திரவம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ அவ்வளவுதான் என் பதிலின் மதிப்பு.

மணவை மணல் · செவ்வாய், காலை 5.40

மக்களே, நான் சிறுநீர் ஆய்வு செய்தவன் அல்ல. மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் வேதியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் நீ கேட்பது என் வாழ்நாள் முழுவதும் நான் பார்த்த வேலை.

நம் கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட் எல்லாம் கலந்து கிடக்கும். கண்ணுக்குக் கறுப்பு மணல், அவ்வளவுதான். காந்தத்தில் காட்டினால் இல்மனைட் ஒட்டிக்கொள்ளும். ரூட்டைலும் சிர்கானும் ஒட்டாது. அவை இரண்டையும் காந்தத்தைக் கொண்டு எத்தனை முறை பிரித்தாலும் பிரியாது. அங்கே மின்சாரம் வேண்டும். ரூட்டைல் மின்சாரத்தைக் கடத்தும், சிர்கான் கடத்தாது. மோனசைட் லேசாகக் காந்தத்துக்கு இழுபடும், ஆனால் மின்சாரம் கடத்தாது. இப்படி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு குணங்களை அடுத்தடுத்துக் கேட்டால்தான் ஐந்தும் ஐந்து குவியலாகும். ஒரே குணத்தைப் பத்து முறை கேட்டு ஒரு பயனும் இல்லை.

உன் பிரச்சினைக்கும் இதுவே வழி. டிராமடாலுக்கு என்னென்ன குணம், டெஸ்வென்லாஃபாக்சினுக்கு என்னென்ன குணம் என்று ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுது. இரண்டிலும் அமீன் (காரத் தன்மை தரும் நைட்ரஜன் தொகுதி) இருக்கிறது. இரண்டும் எண்ணெய்ப் பசை உள்ள மூலக்கூறுகள். வேறுபடும் இடம் ஒன்று கட்டாயம் இருக்கும். அதைக் கண்டுபிடித்து எழுது, மேலே பேசலாம்.

தக்கலை மருத்துவர் · செவ்வாய், காலை 8.15

இந்த இழையைத் தொடங்கிய சகோதரிக்கு நன்றி. போதை மீட்பில் வேலை செய்யும் மருத்துவன் என்ற முறையில் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, பெற்றோர் கடையில் வாங்கும் "ஓபியேட்" (அபின் வகை) ஸ்ட்ரிப்பில் டிராமடால் தெரியாது. அந்த ஸ்ட்ரிப்பில் இருப்பது மார்ஃபினைப் பிடிக்கும் ஆன்டிபாடி. டிராமடாலின் உருவம் அதற்குப் பிடிபடாது. பையனின் பையில் காலி மாத்திரை அட்டை கிடக்கும், ஸ்ட்ரிப்பில் ஒன்றும் இருக்காது, குடும்பம் நிம்மதியாகப் போய்விடும். இதை நான் பல முறை பார்த்துவிட்டேன். டிராமடாலுக்கென்று தனி ஸ்ட்ரிப் உண்டு, அதைக் கேட்டு வாங்க வேண்டும். 2018 ஏப்ரலில் டிராமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டது. அதன் பிறகு ஒரு தவறான பாசிட்டிவ் என்பது வெறும் மருத்துவப் பிழையாக நின்றுவிடுவதில்லை. வீட்டில் அவன் சொல்லை யாரும் நம்பாத நிலை வந்துவிடுகிறது. மீண்டு வருகிறவனுக்கு அதைவிடப் பெரிய அடி வேறில்லை.

இரண்டாவது, எனக்கு டிராமடால் மட்டும் போதாது. உடம்பு அதை மாற்றிச் செய்யும் எம்-1 என்ற பொருளும் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். விழுங்கிய மருந்தில் ஏறத்தாழ 30 சதவீதம் மாறாமலே சிறுநீரில் வரும், 60 சதவீதம் மாறிய பொருள்களாக வரும். டிராமடால் நிறைய, எம்-1 சுத்தமாக இல்லை என்றால், அந்த மருந்து உடம்பு வழியாக வந்ததா, கிண்ணத்தில் யாராவது போட்டார்களா என்ற கேள்வி எழும்.

பேச்சிப்பாறை · செவ்வாய், மதியம் 1.05

நான் ரப்பர் வெட்டுகிறவன். உங்கள் வேதியியல் எனக்குப் புரியாது. ஆனால் தம்பி கப்பல் வேலைக்கு மருத்துவப் பரிசோதனைக்குப் போகிறான். குருமாவில் கசகசா அரைத்துப் போட்டுச் சாப்பிட்டால் போதைப்பொருள் என்று காட்டும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா? கோபித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள்.

தக்கலை மருத்துவர் · செவ்வாய், மதியம் 2.20

கோபிக்க என்ன இருக்கிறது, நியாயமான கேள்வி. கசகசா அபின் செடியின் விதைதான். விதையின் மேல் ஒட்டியிருக்கும் பாலில் மார்ஃபினும் கோடீனும் உண்டு. சாப்பிட்டவரின் சிறுநீரில் அவை நிஜமாகவே இருக்கும், ஸ்ட்ரிப் பொய் சொல்வதில்லை. இதனால்தான் அமெரிக்காவில் அரசு சார்ந்த வேலையிடப் பரிசோதனைகளில் ஓபியேட்டுக்கான வரம்பை 1998-ல் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000 நானோகிராமாக உயர்த்தினார்கள். ஹெராயின் எடுத்தவரிடம் மட்டும் 6-அசெட்டைல்மார்ஃபின் என்ற பொருள் வரும், கசகசாவிலிருந்து அது வராது. உடம்பு சர்க்கரையோடு பிணைத்து அனுப்பும் மார்ஃபினை விடுவிக்கச் சிறுநீரைக் கொதிக்கும் அமிலத்தில் வைத்துப் பிரித்தால் அந்தப் பொருளும் மார்ஃபினாகச் சிதைந்துவிடும். அதனால் ஹெராயினா கசகசாவா என்று பார்க்க வேண்டிய மாதிரிக்கு அமிலம் கூடாது, என்சைம்தான் நல்லது.

பரிசோதனைக்கு முந்தைய சில நாள்கள் தம்பி கசகசாவைத் தவிர்க்கட்டும். ஏதாவது மருந்து சாப்பிடுகிறான் என்றால் சீட்டோடு போகச் சொல்லுங்கள். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும் லெவோஃப்ளாக்சசினும்கூடச் சில ஸ்ட்ரிப்களில் ஓபியேட் போலக் காட்டியிருக்கின்றன.

குழித்துறை ஆறு · செவ்வாய், மாலை 6.30

அக்கா, நான் மூலக்கூறு அச்சுப் பாலிமரில் ஆய்வு செய்யும் மாணவன். உங்கள் கேள்விக்கு என் துறைதான் பதில் என்று தோன்றியது, அதனால் விளக்கமாக எழுதுகிறேன்.

கருப்பட்டி ஊற்றும் சிரட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பாகு இறுகிக் கருப்பட்டியை எடுத்த பிறகு சிரட்டையின் குழி அப்படியே இருக்கும். அதே அளவுக் கருப்பட்டி மட்டும்தான் அதில் பொருந்தும். நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வேண்டிய மருந்தை நடுவில் வைத்து, மெத்தாக்ரிலிக் அமிலம் போன்ற ஒன்று அதைச் சுற்றிக் கைகோத்து நிற்கும்போது, குறுக்குப் பிணைப்பு தரும் பொருளைச் சேர்த்துக் கெட்டியாக்குகிறோம். பிறகு மருந்தைக் கழுவி எடுத்தால் பாலிமரில் அதன் உருவத்துக்கு ஒரு குழி மிஞ்சும். சிறுநீரை அதன்மேல் ஓட்டினால் அந்த மருந்து குழியில் உட்கார்ந்துகொள்ளும், மற்றவை ஓடிவிடும். 1972-ல் ஜெர்மனியில் குந்தர் வுல்ஃப் வழி காட்டினார். ஸ்வீடனில் கிளாஸ் மோஸ்பாக் மருந்தை வேதிப் பிணைப்பால் கட்டாமல் செய்யும் முறையை வளர்த்தார். 1994-ல் செல்லர்கிரென் பென்டாமிடின் என்ற மருந்தைச் சிறுநீரிலிருந்து இப்படி நேராகப் பிரித்துக் காட்டினார். ஆன்டிபாடி அளவுக்கு விலை அதிகமில்லை, சூட்டிலும் அமிலத்திலும் கெடாது, திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். டிராமடாலுக்கும் செய்திருக்கிறார்கள்.

திருவட்டாறு · செவ்வாய், இரவு 9.00

தம்பி, அதே சிரட்டையில் ஒட்டிக்கிடக்கும் பழைய பாகைப் பற்றியும் சொல்ல வேண்டும். எவ்வளவு கழுவினாலும் அச்சில் வைத்த மருந்து கொஞ்சம் உள்ளே தங்கும். நானோகிராம் அளவில் தேடும்போது அது மெல்லக் கசிந்து வெளியே வரும். டிராமடாலே சாப்பிடாதவனின் மாதிரியில் உன் பாலிமரே டிராமடாலைப் போட்டுவிட்டால் அந்தப் பையனுக்கு இரண்டாவது முறையும் அநியாயம் நடக்கும்.

குழித்துறை ஆறு · செவ்வாய், இரவு 9.40

நீங்கள் சொல்வது முற்றிலும் சரி அண்ணா. அதனால்தான் தேடும் மருந்தை அச்சில் வைக்காமல், அதைப் போன்ற வேறொன்றை வைக்கிறோம். கிளென்புட்டரால் என்ற மருந்தைத் தேட, அதைப் போன்ற புரோம்புட்டராலை அச்சாக வைப்பது ஒரு பழைய எடுத்துக்காட்டு. அது கசிந்தாலும் வேறு எடையில் தெரியும், ஏமாற்றாது. கூடவே அச்சே வைக்காமல் செய்த பாலிமரையும் பக்கத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒரே அளவு ஒட்டினால் குழி என்று நாம் நம்புவது குழியே இல்லை, வெறும் பிசுபிசுப்பு.

இன்னொரு குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். ஹைட்ரஜன் பிணைப்பை நம்பிச் செய்த பாலிமர் தண்ணீரில் தடுமாறும், ஏனென்றால் தண்ணீரே அந்த இடங்களில் போய் உட்கார்ந்துவிடும். சிறுநீர் பெரும்பாலும் தண்ணீர்தான். டிராமடாலுக்குச் செய்த குழியில் டெஸ்வென்லாஃபாக்சின் நுழையவே நுழையாது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. உருவம் நெருக்கமானது. அக்காவின் அவசரத்துக்கு இது உதவாது என்றே இப்போது நினைக்கிறேன்.

மணவை மணல் · புதன், காலை 5.35

தன் துறையின் குறையைத் தானே சொல்லும் பிள்ளை நன்றாக வருவான். மகளே, தாளில் எழுதினாயா?

நாஞ்சில் மேசை · புதன், காலை 6.50

எழுதினேன் ஐயா. டிராமடாலில் வளையத்தின் மேல் இருப்பது மெத்தாக்சி. டெஸ்வென்லாஃபாக்சினில் அதே மாதிரி வளையத்தில் வெறும் ஹைட்ராக்சில், அதாவது ஃபீனால். டிராமடால் காரமாக மட்டும் நடந்துகொள்ளும். டெஸ்வென்லாஃபாக்சின் ஒரு முனையில் காரம், மறுமுனையில் பலவீனமான அமிலம். வேறுபாடு அந்த ஃபீனால்தான்.

மணவை மணல் · புதன், காலை 7.10

கண்டுபிடித்துவிட்டாய். இனி வழி தானாகத் திறக்கும்.

முதல் படி, அமீனைப் பிடிக்கும் கலப்புக் கார்ட்ரிட்ஜ், அதாவது திரவத்தை ஊற்றி வடிக்கும் சிறு குழாய். எண்ணெய்ப் பசையைப் பிடிக்கும் சி-8 சங்கிலியும் நேர்மின் அயனியைப் பிடிக்கும் சல்ஃபோனிக் அமிலமும் ஒன்றாக இருப்பது. பிஎச் (அமில-கார அளவு) 6-ல் சிறுநீரை விடு. அமீன் நேர்மின்னேற்றத்தோடு பூட்டிக்கொள்ளும். தண்ணீர், நீர்த்த அசிட்டிக் அமிலம், பிறகு மெத்தனால் விட்டுக் கழுவு. பூட்டப்படாதவை எல்லாம் மெத்தனாலில் போய்விடும். கடைசியில் அமோனியா கலந்த கரைப்பான் விட்டால் மின்னேற்றம் போய்ப் பூட்டு திறக்கும். இது காந்தம்.

ஆனால் கவனி. டெஸ்வென்லாஃபாக்சினும் அமீன்தான், அதுவும் கூடவே வரும். இரண்டையும் காந்தம் பிரிக்காது. அடுத்து மின்சாரம் வேண்டும். கார்ட்ரிட்ஜிலிருந்து வந்ததை உலர்த்தி, டெர்ட்-பியூட்டைல் மெத்தைல் ஈத்தரில் கரைத்து, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் குலுக்கு. பிஎச் 13. அங்கே ஃபீனால் தன் ஹைட்ரஜனை விட்டு எதிர்மின் அயனியாகித் தண்ணீருக்குப் போய்விடும். டிராமடால் மின்னேற்றம் இல்லாமல் ஈத்தரிலேயே இருக்கும். இரண்டு அடுக்கு, இரண்டு மருந்து.

தக்கலை மருத்துவர் · புதன், காலை 8.05

ஐயா, எம்-1-ம் ஃபீனால்தான். அதுவும் தண்ணீர் அடுக்கில் போய்விடுமே?

மணவை மணல் · புதன், காலை 8.20

போகட்டும் டாக்டர். அந்தத் தண்ணீரைக் கொட்டக் கூடாது, அவ்வளவுதான். பிஎச்சை 10-க்குப் பக்கத்தில் இறக்கிப் புதிய ஈத்தரால் மறுபடியும் எடுத்தால் எம்-1-ம் டெஸ்வென்லாஃபாக்சினும் சேர்ந்து வரும். அவை இரண்டுக்கும் எடை 14 வேறுபடும். எம்-1 249, மற்றது 263. அங்கே கருவியே பிரித்துச் சொல்லிவிடும்.

நாஞ்சில் மேசை · வெள்ளி, இரவு 10.15

இரண்டு நாளாகச் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். நன்றாகப் போனதைவிடப் போகாததையே விரிவாக எழுத வேண்டும்.

மருந்து எதுவும் சாப்பிடாத எங்கள் அலுவலகத் தோழிகளின் சிறுநீரில் முறையான அனுமதியோடு வாங்கிய நியமக் கரைசல்களை, அதாவது அளவு தெரிந்த மருந்துக் கரைசல்களைக் கலந்து முதலில் பழகினேன். முதல் நாள் ஈத்தரோடு குழாயை நன்றாகக் குலுக்கிவிட்டேன். நடுவில் விரல் மொத்தத்துக்கு வெள்ளை நுரை கட்டிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சிட்டிகை உப்புப் போட்டுச் சுழற்றியில் வைத்த பிறகுதான் கண்ணாடி போலத் தெளிந்தது. இப்போது குலுக்குவதில்லை. குழாயைப் படுக்கவைத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பத்து நிமிடம் மெல்ல உருட்டுகிறேன்.

இரண்டாவது தவறு பெரியது. பழக்கத்துக்காக அருமனையிலிருந்து வந்த ஒரு மாதிரியையும் எடுத்துக்கொண்டேன். மதிய வெயிலில் பஸ்ஸில் வந்தது. மூடியைத் திறந்ததும் மூக்கில் அமோனியா ஏறியது. பொருட்படுத்தாமல் கார்ட்ரிட்ஜில் விட்டேன். கலந்திருந்த டிராமடாலில் பாதிகூடத் திரும்பி வரவில்லை. கழுவிய மெத்தனாலைப் பார்த்தால் மீதி அங்கே இருந்தது. பிஎச் தாளில் சிறுநீரைத் தொட்டுப் பார்த்தேன், 9.

மணவை மணல் · சனி, காலை 5.50

நம் ஊரில் அக்கானி (பதநீர்) இறக்குகிறவர் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் விடிவதற்குள் கள்ளாகிவிடும். பாட்டிலில் இருப்பதும் உயிருள்ள திரவம்தான். பாக்டீரியா யூரியாவை அமோனியாவாக்கிவிட்டது. பிஎச் ஏறினால் டிராமடாலில் ஒரு பங்கு மின்னேற்றத்தை இழக்கும். மீதிப் பங்கோடு அமோனியம் அயனிகள் அதே சல்ஃபோனிக் இடங்களுக்குப் போட்டி போடும். ஆகவே பாட்டில் வந்ததும் முதல் வேலை பிஎச் பார்ப்பது. பிஎச்சை நிலைநிறுத்தும் தாங்கல் கரைசல் ஊற்றினால் தானாக 6 ஆகிவிடும் என்று நம்பாதே. ஊற்றிய பிறகும் தொட்டுப் பார்.

தக்கலை மருத்துவர் · சனி, காலை 9.30

அதே காரணத்தால் மதுப் பரிசோதனையிலும் தொல்லை வருகிறது. சர்க்கரை நோயாளியின் சிறுநீரில் ஈஸ்ட் இருந்தால் பாட்டிலுக்குள்ளேயே ஆல்கஹால் உண்டாகும். அதற்காக, குடித்த ஆல்கஹாலை உடம்பு மாற்றிச் செய்யும் எத்தில் குளுகுரோனைடைப் பார்க்கிறோம். ஆனால் ஈ. கோலை கிருமி இருந்தால் அதையும் சிதைக்கும், சில சமயம் புதிதாக உண்டாக்கவும் செய்யும். உடம்பு அப்படிச் செய்யும் இன்னொரு பொருளான எத்தில் சல்ஃபேட்டைக் கிருமி அப்படி உண்டாக்குவதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே பாதுகாப்பு. எங்கள் மையத்திலிருந்து வரும் பாட்டில்களை இனி ஐஸ் பெட்டியில்தான் அனுப்புவேன். இந்த வாரமே ஏற்பாடு செய்கிறேன்.

பேச்சிப்பாறை · சனி, காலை 10.10

ரப்பர் பாலுக்கும் அப்படித்தான். தூரம் அனுப்புகிற பாலில் அமோனியா ஊற்றினால் உறையாமல் இருக்கும். ஷீட் அடிக்க வேண்டும் என்றால் ஃபார்மிக் அமிலம் விட வேண்டும். கணக்குத் தப்பினால் அன்றைய வேலை முழுவதும் போய்விடும். நீங்கள் பேசுவது இப்போது கொஞ்சம் விளங்குகிறது. அந்தப் பையன் விஷயம் என்ன ஆயிற்று?

நாஞ்சில் மேசை · திங்கள், இரவு 8.40

இன்றைக்குச் செய்து முடித்தேன்.

ஃப்ரீசரில் இருந்த இரண்டாவது பாட்டிலை எடுத்து, முத்திரை உடையாமல் இருப்பதை மையத்திலிருந்து வந்த ஒருவர் முன்னால் காட்டிவிட்டுத் திறந்தேன். பிஎச் 6.2. மூன்று குழாய்களில் பிரித்தேன். ஒன்றில் மாதிரி மட்டும். இரண்டாவதில் அதே மாதிரியோடு அளந்த சிறிதளவு டிராமடால். மூன்றாவதில் தோழிகளின் வெற்றுச் சிறுநீர். எல்லாவற்றிலும் டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) பதித்த, எடையால் தனித்துத் தெரியும் டிராமடாலை முதலிலேயே சேர்த்துவிட்டேன். வழியில் இழப்பு ஏற்பட்டால் அதுவும் அதே அளவில் இழக்கும், எனக்குத் தெரிந்துவிடும்.

கார்ட்ரிட்ஜ், மெத்தனால் கழுவல், அமோனியா, உலர்த்தல், ஈத்தர், சோடியம் ஹைட்ராக்சைடு. மேல் அடுக்கு ஒரு குப்பி, கீழ் அடுக்கு ஒரு குப்பி. தண்ணீரில் ஒரு சொட்டுகூட மேலே ஏறிவிடக் கூடாது என்பதால் கடைசிக் கால் மில்லி ஈத்தரை எடுக்காமல் விட்டேன்.

மாதிரி மட்டும் இருந்த குழாயின் மேல் அடுக்கில் வென்லாஃபாக்சின் உயரமாக நின்றது. டிராமடால் வர வேண்டிய இடத்தில் அடிக்கோடு தட்டையாகப் போனது. அதே மாதிரியில் நான் கலந்த சிறிதளவு டிராமடால் இரண்டாவது குழாயில் அதே இடத்தில் தெளிவாக எழுந்தது. ஆகவே இருந்திருந்தால் தெரிந்திருக்கும். கீழ் அடுக்கில் டெஸ்வென்லாஃபாக்சின் வந்தது, கொஞ்சம் வால் இழுத்தபடி. எம்-1 இல்லை.

திருவட்டாறு · திங்கள், இரவு 9.20

அதே மாதிரியைக் கலந்தும் கலக்காமலும் ஓட்டியது மிகச் சிறந்த வேலை. நான் முதலில் சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். நீர்த்துச் செலுத்துவதற்கு நாங்கள் டியூட்டீரியம் நியமத்தைப் போட்டுவிட்டு எல்லாம் சரியாகிவிட்டதாக நினைக்கிறோம். சிறுநீரின் உப்பு அயனியாவதை அமுக்கினால் அந்த நியமம் ஈடு கொடுக்கும், உண்மை. ஆனால் அதே எடையுள்ள வேறொரு மருந்து வந்து அதன்மேல் உட்கார்ந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் ஓட்டத்திலும் வென்லாஃபாக்சின் சாப்பிடுகிறவரின் மாதிரியைப் போட்டுப் பார்க்கச் சொல்லி இன்று எழுதிவிட்டேன்.

குழித்துறை ஆறு · திங்கள், இரவு 9.45

அக்கா, கீழ் அடுக்கின் வால் ஃபீனாலால் வருவது. அதன்மேல் சிலைல் தொகுதி (சிலிக்கான் உள்ள மூடி போன்ற தொகுதி) ஏற்றிவிட்டுச் செலுத்தினால் பீக் நிமிர்ந்து நிற்கும், எம்-1-ஐ இன்னும் குறைந்த அளவிலும் பார்க்கலாம். செய்முறையை நாளை எழுதி அனுப்புகிறேன்.

தக்கலை மருத்துவர் · செவ்வாய், காலை 7.50

சகோதரி, அறிக்கையில் "டிராமடால் இல்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த அளவு வரை பார்த்தீர்கள் என்பதையும், வென்லாஃபாக்சின் இருந்ததையும் எழுதுங்கள். அவன் எனக்குத் தெரிந்தவன் இல்லை. ஆனால் அவனுடைய மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்ததும் மனச்சோர்வு மருந்தை நிறுத்திவிடாமல் இருக்க அது உதவும்.

நாஞ்சில் மேசை · செவ்வாய், இரவு 9.05

அப்படியே எழுதினேன் டாக்டர். கலந்த அளவையும், பிஎச்சையும், முத்திரை திறந்த நேரத்தையும் சேர்த்தேன். வெளியூர் ஆய்வகத்துக்கு இரண்டு ஓட்டங்களின் படத்தோடு, 107-ஐயும் பார்க்கும்படி கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறேன்.

அந்த அம்மா மாலை ஐந்து மணிக்கு வந்தார். புதிய தாளைக் கொடுத்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பழையதை எடுத்து என் மேசையில் வைத்தார். "இதை நீயே வைத்துக்கொள்" என்றார். அதைக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மையத்திலிருந்து எட்டு பாட்டில் வருகிறதாம், ஐஸ் பெட்டியில். தம்பி, அந்தச் சிலைல் செய்முறையை அதற்கு முன்னால் அனுப்பிவிடு.